நாலு வயது மகனுக்கு வீட்டிலேயே தெரபி கொடுக்கலாமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு நாலேகால் வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, சில நாள் இன்குபேட்டரில் இருந்தவன். ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் நடந்தான். பேச்சில் குறையில்லை. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், இரண்டிலும் பாட்டுப் பாடுவான். ஆனால் சோற்றில் கை வைக்க மாட்டான். ஒரு பருக்கை விரலில் ஒட்டினாலும் கையை உதறி அழுவான். அப்பத்தா மொபைலைக் காட்டி ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். டவுசரை முட்டி வரை இழுத்துவிட்டு நின்றுவிடுவான். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. பென்சிலை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடிக்கிறான். படியில் அடிக்கடி தடுக்கி விழுகிறான். எதை எடுக்கவும் இடது கைதான் முதலில் நீளுகிறது, மாமியார் அந்தக் கையைத் தட்டிவிடுகிறார்.

பக்கத்து ஆங்கிலப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது, "ஆக்குபேஷனல் தெரபி கொடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது மாதிரியான அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை அது. கோவையில் ஒரு தனியார் சென்டரில் வாரம் மூன்று முறை வரச் சொன்னார்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போய் வந்ததில் ஒரே மாதத்தில் பணமும் தெம்பும் தீர்ந்து, நிறுத்திவிட்டார். இப்போது வீடியோ பார்த்து, ஆன்லைனில் ஒரு 'தெரபி கிட்' வாங்கி, தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறார். மணி கோப்பது, பருப்புப் பிரிப்பது, புள்ளி நோட்டில் எழுத்தின் மேல் எழுதுவது என்று பயிற்சி போகிறது. பையன் அழுகிறான். பல நாள் அம்மாவும் சேர்ந்து அழுகிறார்.

அவர் கேட்பது இவ்வளவு: இது மூளை வளர்ச்சிக் குறைவா? இரண்டு மொழி குழப்பிவிட்டதா? இடது கையை மாற்ற வேண்டுமா? சென்டருக்குப் போகாமல் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'ஊனமுற்ற பிள்ளை' என்று பதிவு செய்து, பிற்காலத்தில் அதுவே பாதகமாகிவிடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையை நேரில் பார்க்காமல் எந்தப் பெயரையும் அவன் மேல் ஒட்ட நான் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருப்பதால் பல விஷயங்களைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது. இரண்டு மொழியில் பேசுகிறான், பாடுகிறான், அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவார் என்று நாள் கணக்குச் சொல்கிறான் என்கிறீர்கள். அறிவு வளர்ச்சி குறைவு என்று பயப்படும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. கையும் உடம்பும் ஒத்துழைப்பதில்தான் அவனுக்குச் சிரமம் தெரிகிறது.

வயதோடு வைத்துப் பார்ப்போம். நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சில பொத்தான்களைக் கழற்றுவார்கள், போடுவதற்கு ஐந்து வயது ஆகலாம். ஆகவே பொத்தானை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அது பின்னால் வரும். ஆனால் தொளதொளப்பான டவுசரை மூன்று வயதிலேயே பலரும் போட்டுக்கொள்வார்கள். கிரேயானைப் பொத்திப் பிடிக்காமல், விரல்களுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பிடிப்பது நாலு வயதில் எதிர்பார்க்கக்கூடியதுதான். இதோடு தடுக்கி விழுவதும் குறைமாதப் பிறப்பும் சேரும்போது, ஒருவர் நேரில் பார்த்துச் சொல்வது அவசியமாகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் உடல் ஒருங்கிணைப்புச் சிரமம் சற்று அதிகமாகவே காணப்படும். பொதுவாகவே பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இந்த வகைச் சிரமம் உண்டு. ஆனாலும் ஐந்து வயதுக்கு முன் இதற்குப் பெயர் சூட்ட மருத்துவர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் சரியானதுதான். பெயர் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே உதவியைத் தொடங்கலாம்.

"அவங்கப்பனும் இப்படித்தான் மெதுவா இருந்தான்" என்று உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். குடும்பத்தில் அப்படித் தொடர்ந்து வருவது உண்டு. ஆனால் அதைக் காரணமாக வைத்துச் சும்மா இருந்துவிட முடியாது.

மொழிக்கு வருகிறேன். இரண்டு மொழியில் வளர்வதால் கை வேலை பின்தங்காது, பேச்சும் பின்தங்காது. உங்கள் பக்கத்தில் வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகள் இரண்டு மொழியோடுதான் வளர்கிறார்கள். வீட்டுத் தமிழை நிறுத்திவிட்டு மலையாளமோ ஆங்கிலமோ பேசுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மொழி குறுக்கே வருகிற இடம் வேறு. பரிசோதிக்கிறவர் மலையாளத்தில் "பட்டன் இடு" என்று சொல்லி, பையன் விழித்துக்கொண்டு நின்றால், கைக்கு வரவில்லையா, சொன்னது புரியவில்லையா என்று அவருக்குப் பிரித்துத் தெரியாது. கை வேலைப் பரிசோதனையைத் தமிழில் செய்யச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் வராவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.

இடது கை

தயவுசெய்து அந்தக் கையைத் தட்டுவதை நிறுத்துங்கள். உலகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். ஏற்கெனவே கை வேலையில் தடுமாறுகிற பிள்ளைக்கு, வசதியான கையையும் பறித்தால் அவன் பழகுவதற்கு என்ன இருக்கிறது? "சோறு தின்கிற கை வலது" என்ற உங்கள் மாமியாரின் எண்ணத்தை நான் மதிக்கிறேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முதல்ல அவன் கையால சாப்பிடட்டும் அத்தை, எந்தக் கையாயிருந்தாலும் சரி. பெரியவனானா பந்தியில எப்படி உக்காரணும்னு அவனே பாத்துக் கத்துக்குவான்."

இதில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. வலது கை எப்படி இருக்கிறது? இடது கை எடுக்கும்போது வலது கை ஜாடியைப் பிடிக்கிறதா, தாளை அழுத்துகிறதா? அல்லது முஷ்டி மடங்கி, விறைத்து, உடம்போடு ஒட்டி நிற்கிறதா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினானா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியானால் அது வெறும் கைப்பழக்கமாக இல்லாமல், மற்றக் கை பலவீனமாக இருப்பதாலும் இருக்கலாம். குறைமாதப் பிள்ளையிடம் இதைக் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி

நீங்கள் மனம் தளராமல் உட்காருகிறீர்களே, அது பெரிய விஷயம். ஆனால் அந்த உழைப்பு போகிற திசை சரியில்லை. மணி கோக்கப் பழகினால் மணி கோக்க வரும். டவுசர் போடுவது அதிலிருந்து தானாக வந்துவிடாது. எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையையே, அது நடக்கிற இடத்தில், அது நடக்கிற நேரத்தில் பழக்குவதுதான் பலன் தருகிறது. 2019இல் ஆஸ்திரேலிய ஆக்குபேஷனல் தெரபி இதழில் ஆய்வாளர்கள் அயோனா நோவாக்கும் இங்க்ரிட் ஹானனும் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வு, குறிக்கோள் வைத்து அந்த வேலையையே பழக்குவது, பெற்றோருக்கு வழிகாட்டுவது, வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டம் ஆகியவற்றைத்தான் நல்ல ஆதாரம் உள்ள முறைகளில் வைத்தது. அதே நோவாக் குழு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட வீட்டுப் பயிற்சித் திட்ட ஆய்வில், பெற்றோர் பயிற்சி கொடுத்தது சராசரியாக ஒரு தடவைக்கு 16, 17 நிமிடம், மாதத்தில் 17, 18 தடவை. எட்டு வாரத்தில் அதற்கே பலன் தெரிந்தது. உங்கள் மகனைவிட அதிகச் சிரமம் உள்ள பிள்ளைகள் அவர்கள். தினமும் ஒரு மணி நேர அழுகை தேவையே இல்லை. ஆனால் கவனியுங்கள், அந்தப் பெற்றோர் தாங்களாகவே வீடியோ பார்த்துச் செய்யவில்லை. என்ன வேலை என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுத்தார்கள், எப்படிச் செய்வது என்பதைத் தெரபிஸ்ட் உடனிருந்து காட்டினார், இடையிடையே சரிபார்த்தார்.

புள்ளி நோட்டை மூடி வைத்துவிடுங்கள். நாலேகால் வயதில் எழுத்து வராதது குறையே இல்லை. வட்டம் மூன்று வயதுக்கும், கூட்டல் குறி நாலு வயதுக்கும், முக்கோணம் ஐந்து வயதுக்கும் அண்மையில் வரும். அவற்றைத் தரையிலும் சுவரிலும் பெரிது பெரிதாக வரையட்டும், எழுத்து அதற்குப் பின்னால்தான்.

கிட்டில் வந்த களிமண்ணையும் கிளிப்புகளையும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த, பாரம் வைத்துத் தைத்த மேல்சட்டையை எடுத்து உள்ளே வையுங்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சின்னப் பிள்ளைக்கு அதைப் போடுவது ஆபத்தும்கூட. பிரஷ் வைத்து உடம்பைத் தேய்க்கும் முறையையும் வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம்.

டவுசர்: கடைசி இழுப்பை அவனுக்கு விடுங்கள்

இதை நாளைக்கே தொடங்கலாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, ஒரு சைஸ் பெரிய டவுசரை எடுங்கள். அவனைப் பாதம் முழுவதும் தரையில் படும்படி ஒரு மணையிலோ குட்டை முக்காலியிலோ உட்கார வையுங்கள். நீங்கள் எதிரில் உட்காராமல் அவன் முதுகுக்குப் பின்னால் உட்காருங்கள். அப்போதுதான் உங்கள் கையும் அவன் கையும் ஒரே திசையில் நகரும். காலை நுழைப்பது, முட்டி தாண்டுவது, தொடை வரை ஏற்றுவது எல்லாம் உங்கள் வேலை. எழுந்து நிற்க வைத்து, இடுப்பெலும்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, கட்டை விரல்களை எலாஸ்டிக்குக்குள் விடச் சொல்லுங்கள். கடைசி ஒரு இழுப்பு மட்டும் அவனுடையது. டவுசர் இடுப்பில் உட்கார்ந்ததும் வேலை முடிந்தது, முடித்தவன் அவன். நாலைந்து நாள் அது தட்டாமல் வந்தால், அடுத்து தொடையில் விடுங்கள். அப்புறம் முட்டியில். இப்போது அவன் முட்டியில் நின்றுவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதியில் தோற்று நிற்பதே அவனுக்குத் தினசரி அனுபவமாக இருக்கிறது, இந்த முறையில் அது ஒரு நாளும் நடக்காது.

பின்பக்கம் மாட்டிக்கொள்வது எல்லாப் பிள்ளைக்கும் கடினம். கையைப் பின்னால் கொண்டுபோய் இழுக்க மட்டும் சில நாள் உங்கள் கையை அவன் கை மேல் வைத்து உதவுங்கள். காலையில் அங்கன்வாடிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைச் செய்யாதீர்கள். குளித்த பிறகு, சாயங்காலம், நேரம் இருக்கும்போது செய்யுங்கள். காலையில் நீங்களே போட்டுவிட்டாலும் பாவமில்லை.

பொத்தான் வர வேண்டிய காலத்தில், அப்பாவின் பழைய சட்டையை அவன் மடியில் விரித்து, பெரிய பொத்தானாக இதே வழியில் தொடங்கலாம். பொத்தான் துளையில் பாதி நுழைந்திருக்கும், அதை இழுத்து முடிப்பது அவன் வேலை.

சோறு

பருக்கை ஒட்டினால் அழுகிறானே, அது அடம் இல்லை. சில பிள்ளைகளுக்கு ஈரமும் பிசுபிசுப்பும் சேர்ந்த தொடுகை உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கும். கையைப் பிடித்துச் சாம்பார் சாதத்துக்குள் அமுக்கினால் பயம்தான் கூடும். அதனால் சோற்றிலிருந்து தொடங்க வேண்டாம், ஒட்டாததிலிருந்து தொடங்குங்கள். பொரி, தோசையின் முறுகலான ஓரம், சுருட்டிய சப்பாத்தி. அது பழகியதும் இட்லியைத் தானே பிய்க்கட்டும், அப்புறம் உதிரிப் புட்டு, கொழுக்கட்டை. தயிர் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால் எடுத்து வாயில் போடுவது மட்டும்தான் மிச்சம். குழம்புச் சாதம் எல்லாவற்றுக்கும் கடைசி. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும். துடைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவன் கையை நீட்டுவான். ஸ்பூனில் சாப்பிட விரும்பினால் தாராளமாகச் சாப்பிடட்டும், அதுவும் கை வேலைதான்.

டவுசரில் கடைசி இழுப்பு அவனுடையது என்றேன். சாப்பாட்டில் தலைகீழ்: முதல் நாலைந்து வாய் அவனுடையது. பசி அப்போதுதான் இருக்கும், கையும் களைத்திருக்காது. மீதியை அப்பத்தா ஊட்டட்டும். இப்படிப் பிரித்துக் கொடுத்தால் அவருக்கும் மனம் நோகாது. உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றிய வருத்தம் தெரிகிறது. ஆனால் குறைமாதப் பேரனை நாலு வருஷமாக ஊட்டி வளர்த்தவர் அவர். அவரை இதில் சேர்த்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

மொபைலை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். அவனுடைய அந்த முதல் வாய்களின்போது மட்டும் அணைந்திருக்கட்டும். திரையைப் பார்க்கிற பிள்ளை தட்டையும் கையையும் பார்ப்பதில்லை, பார்க்காமல் கை எப்படிப் பழகும்? மூன்று, நாலு வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்கள் மகனுக்கு நான் இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்வேன். விரல்கள் நன்றாக வேலை செய்ய, தோளும் இடுப்பும் உறுதியாக நிற்க வேண்டும். தோப்பில் ஓடட்டும், கட்டிலுக்கு அடியில் தவழட்டும், ஊஞ்சல் ஆடட்டும், விழுந்த தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு வரட்டும்.

சாப்பிடும்போது புரைக்கேறுகிறதா, குமட்டி வாந்தி எடுக்கிறானா, ஐந்தாறு பதார்த்தங்களைத் தவிர எதையும் தொடுவதில்லையா, எடை ஏறாமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தக் கூடாது. அங்கன்வாடியில் எடை போட்டு எழுதும் அட்டை உங்களிடம் இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள்.

சமையலறையும் வாசலும்

தனியாகப் பயிற்சி நேரம் வேண்டாம் என்று சொல்லும்போது, பயிற்சியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். முருங்கைக்கீரை உருவுகிற வேலை இருக்கிறதே, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பிலிருந்து இலையைப் பிரிப்பது, அதற்கு ஈடான விரல் பயிற்சி எந்தக் கிட்டிலும் இல்லை. சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, துவைத்த கைக்குட்டையைப் பிழிவது, கொடியில் கிளிப் போடுவது, செம்பில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றுவது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், அவன் உருவிய கீரை அன்றைக்குக் குழம்பில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கோலம். கோலப்பொடியைக் கிள்ளி எடுக்கும்போது மூன்று விரல்கள் எப்படிக் கூடுகின்றன என்று உங்கள் கையையே பாருங்கள், பென்சில் பிடிக்கும் பிடி அதுதான். பொடி உலர்ந்திருப்பதால் ஒட்டாது, அவனுக்குப் பயமும் இருக்காது. ஆண்பிள்ளை கோலம் போடுவதா என்று யாரும் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். ஓணத்தின்போது பூக்களத்துக்குச் செண்டுமல்லி இதழ் ஆய்வதிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேயானை நீளமாகக் கொடுக்காமல், உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். சின்னத் துண்டை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க முடியாது, விரல் நுனிக்குத் தானாக வந்துவிடும்.

ஆறு வாரத்துக்கு டவுசர், முதல் நாலு வாய், ஏதாவது ஒரு வீட்டு வேலை. இவ்வளவுதான் உங்கள் திட்டம். நாலாவது ஒன்றைச் சேர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வரும்போது டவுசர் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அன்று ஒரு நாளாவது நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

சென்டரா, ஆஸ்பத்திரியா?

வீட்டில் செய்யலாம். ஆனால் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் வீட்டில் மட்டுமே செய்துகொண்டிருப்பது உங்கள் மகன் விஷயத்தில் சரியல்ல. குறைமாதப் பிறப்பு, தடுக்கி விழுவது, ஒரு கைச் சாய்வு மூன்றும் சேர்ந்திருக்கின்றன. கண் பரிசோதனையும் இதில் சேர வேண்டும். படி தெரியாமல் தடுக்குகிற பிள்ளைகளும் உண்டு.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளிலும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கிறார்கள். பின்தங்கல் தெரிந்தால் மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஊரில் எல்லாரும் 'டி.இ.ஐ.சி.' என்பார்கள். குழந்தை மருத்துவர், தெரபிஸ்ட், கண், காது, பேச்சு என்று ஒரே கூரையின் கீழ் பார்ப்பதுதான் அதன் நோக்கம், சேவை இலவசம். உங்கள் அங்கன்வாடி டீச்சரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் பாலக்காட்டு மையத்துக்கு வழி சொல்வார்கள். இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாலக்குடாவை அடுத்த கல்லேற்றுங்கரையில் 'நிப்மர்' என்ற அரசு மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிக்குப் பட்டப்படிப்பே நடத்துகிற இடம் அது.

பதிவு பற்றிய உங்கள் பயம் பலருக்கும் இருப்பதுதான். பரிசோதனை வேறு, ஊனமுற்றோர் சான்றிதழ் வேறு. முதலாவதற்குப் போனால் இரண்டாவது தானாக வந்து ஒட்டாது. சான்றிதழ் வேண்டும் என்று நீங்கள் விண்ணப்பித்து, மருத்துவ அதிகாரிகள் மதிப்பிட்ட பிறகுதான் அது கிடைக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதமாவது பாதிப்பு இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அந்தப் பேச்சுக்குள் வருவதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை பின்னால் தேவைப்பட்டாலும் அது உரிமைக்கான தாள், குற்றப் பத்திரிகை அல்ல. ஒரு மாநிலத்தில் வாங்கினால் நாடு முழுவதும் செல்லும். பொள்ளாச்சி முகவரியில் ஆதார் இருக்கிறதே என்று குழம்பியிருந்தீர்கள். இப்போதைக்கு அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பிள்ளை போகிற அங்கன்வாடி வழியாகவே போங்கள்.

கோவை சென்டர் தவறு என்று நான் சொல்லவில்லை. வாரம் மூன்று முறை முடியாவிட்டால், "மாதம் இரண்டு முறை வருகிறேன், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் இதற்குச் சம்மதிப்பார். எங்கே போனாலும் தெரபிஸ்ட் என்ன படித்திருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். இது பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நாலு ஆண்டுக்கு மேல் நீளும் பட்டப்படிப்பு, சில மாதச் சான்றிதழ் வகுப்பு இதற்கு ஈடாகாது. பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு அம்மாவை வெளியே உட்கார வைக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம். "கைத்திறன் மேம்படும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இத்தனை வாரத்தில் டவுசரைத் தானே போடுவான்" என்று உங்கள் வீட்டு வேலையின் பெயரைச் சொல்லிக் குறிக்கோள் வைப்பவரே உங்களுக்கு உதவுவார். முன்பணம் கட்டினால் முழுதாகச் சரியாக்கித் தருகிறோம் என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளி விஷயம். எல்.கே.ஜி.யில் இடம் மறுத்ததை நினைத்து இரவு தூங்காமல் கிடக்க வேண்டாம். இன்னொரு வருஷம் அங்கன்வாடி அவனுக்கு நல்லதே செய்யும். பாட்டும் விளையாட்டும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையைச் சோதித்து வடிகட்டுவதை 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றையும் போய்ப் பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

தரையில் உட்கார்ந்திருப்பவன் எப்படி எழுகிறான் என்று இன்றைக்கே கவனியுங்கள். கையை முட்டியிலும் தொடையிலும் ஊன்றி ஊன்றி, தன் காலின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தாலோ, கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தாலோ, விழுவது வரவர அதிகமானாலோ, நாள் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு வரும் ஒரு தசை நோயின் அடையாளமாக அது இருக்கலாம். உங்கள் மகனுக்கு அது இருப்பதாக நான் சொல்லவில்லை, பார்த்து ஒதுக்கிவிட வேண்டியது என்கிறேன். அதேபோல முன்பு செய்த எதையாவது மறந்துவிட்டாலோ, வலிப்பு மாதிரி வந்தாலோ, உடம்பின் ஒரு பக்கம் விறைப்பாகவோ தளர்வாகவோ தெரிந்தாலோ, அதே நாளில் கிளம்புங்கள்.

மையத்துக்குப் போகும்போது பிறந்த சமயத்து டிஸ்சார்ஜ் தாள், எடை அட்டை, கோவை சென்டர் கொடுத்த ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவன் படி ஏறுவது, தரையிலிருந்து எழுவது, டவுசர் போடுவது, சோற்றைத் தொடும்போது நடப்பது ஆகியவற்றை அரை அரை நிமிட வீடியோவாக உங்கள் போனில் எடுத்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளை எதையும் செய்யாமல் நின்றாலும் பார்க்கிறவருக்கு அது போதும். ஆறு வாரம் கழித்து, அவர்கள் என்ன சொன்னார்கள், டவுசர் இப்போது தொடையில் நிற்கிறதா முட்டியில் நிற்கிறதா, வலது கையைப் பற்றி நீங்கள் கவனித்தது என்ன என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்து எந்த வேலையை எடுப்பது என்று சொல்கிறேன்.